பச்சைத் தண்ணீர்

"என் புருஷன் நிஜமாவே அங்க போனாரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

லவோன் ஹெல்ஸ்ட்ராம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகியும் கோட்டைக் கழற்றவில்லை. மைதே எச்செவெரி கொடுத்த காப்பி அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

மைதே இருபது வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்களை மோப்பம் பிடித்தவள். இப்போது ரீனோ நகரத்தில், ஒரு சலவைக்கடையின் மாடியில், சொந்தமாகத் துப்பறிகிறாள். அவளுடைய உதவியாளன் லூதர் பிக்ஸ் ஜன்னலோரம் சாய்ந்து நின்றான். ஒரு காலத்தில் சூதாட்ட விடுதியில் மெஷின் ரிப்பேர் பார்த்தவன். மெஷின்களைவிட அதிகமாகச் சத்தம் போட்டதால் வேலை போயிற்று என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"எங்க போனாரான்னு?" என்றாள் மைதே.

"லார்க்மூர் அப்பார்ட்மெண்டுக்கு. ஏப்ரல் ஒம்பது, காலையில பத்து மணிக்கு."

லூதரின் புருவம் ஏறியது. லார்க்மூர் என்ற பெயர் ஒரு வாரமாக ஊர் வாயில் இருந்தது.

போன சனிக்கிழமை மதியம் நாலாவது தெருவில் ஒரு மரக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் தெருக் குழாயிலிருந்து தண்ணீரை வேகமாக இழுத்தன. குழாயில் அழுத்தம் விழுந்தது. அந்தச் சமயத்தில் லார்க்மூர் கட்டடத்துக்குள் இருந்த தண்ணீர் வந்த வழியே திரும்பித் தெருக் குழாய்க்குள் ஓடிவிட்டது. கூடவே, குளிரில் ஹீட்டர் பைப்புகள் உறையாமலிருக்க ஊற்றியிருந்த பச்சைக் கூலண்டும் போனது. பக்கத்திலிருந்த பெலாஸ்கோ சாப்பாட்டுக்கடையில் அந்தத் தண்ணீரைக் குடித்து ஏழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆறு பேர் திரும்பி வந்தார்கள். சூப்பை நாலு தடவை ருசி பார்த்த சமையல்காரி லியோகாடியாவுக்கு மட்டும் சிறுநீரகம் நின்றுவிட்டது. டயாலிசிஸ் மெஷினை நம்பிப் படுத்திருக்கிறாள்.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் வாசல் குழாயிலும் ஒரு பேக்ஃப்ளோ வால்வு இருக்கிறது. உள்ளே போன தண்ணீரை அது வெளியே விடாது. வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸ் உள்ள ஆள் வந்து அதைப் பரிசோதித்து, தண்ணீர் வாரியத்துக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். லார்க்மூர் வால்வு நன்றாக வேலை செய்வதாக, விபத்துக்குப் பத்து நாள் முன்பு ரிப்போர்ட் போயிருந்தது. கீழே ஆரின் ஹெல்ஸ்ட்ராம் என்று கையெழுத்து.

"உங்க வீட்டுக்காரர்தான் ஒத்துக்கிட்டாரே, பேப்பர்ல வந்துச்சு" என்றான் லூதர். "நான்தான் போனேன், சரியா பார்க்கல, தப்பு என்னோடதுன்னு."

"அதனாலதான் வந்திருக்கேன்." லவோன் காப்பியை மேஜையில் வைத்தாள். "அன்னிக்குக் காலையில பக்கத்து ஊர் ஸ்பார்க்ஸ்ல ஒரு ஸ்கூலுக்கு டெஸ்ட் பண்ணப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனார். இப்போ விசாரணை ஆபீசர்கிட்ட லார்க்மூர்ல இருந்தேங்கறார். ரெண்டுல ஒண்ணு பொய். மாட்டிக்கறதுக்காக யாராவது ஆபீசர்கிட்ட பொய் சொல்வாங்களா? மாட்டாங்க. அப்போ பொய் எங்கிட்ட சொன்னது."

"லார்க்மூருக்குப் போறதை உங்ககிட்ட மறைக்கணும்னு என்ன அவசியம்?"

லவோன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "அங்க மேனேஜர் ஒருத்தி இருக்கா. சிமோன். ஆறு வருஷமா வருஷா வருஷம் அந்தக் கட்டடத்துக்குப் போற அன்னிக்கு மட்டும் அவர் ஷேவ் பண்ணிட்டுப் போவார். இருபது நிமிஷ வேலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு வருவார். வரும்போது விசிலடிச்சுட்டு வருவார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்துல என்னைப் பார்த்து அவர் விசிலடிச்சதில்ல."

"இன்னிக்கு மூணு மணிக்கு வாக்குமூலத்துல கையெழுத்துப் போடப் போறார் போலிருக்கே" என்றாள் மைதே. "போட்டா ஜெயில்கூட ஆகலாம்."

"அது அவர் பாடு. எனக்கு அதுக்குள்ள பதில் வேணும்."

அவள் படியிறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்ததும் லூதர் பெருமூச்சு விட்டான்.

"பாவம் பாஸ் அந்த மனுஷன். போயிருந்தா பொண்டாட்டி கொல்லுவா. போகலைன்னா, பொய் ரிப்போர்ட் குடுத்ததுக்கு கவர்மெண்ட் கொல்லும். எந்தப் பக்கம் நிரபராதின்னாலும் இன்னொரு பக்கம் காலி."

"கோட்டை எடு. அந்த வால்வைப் பார்க்கலாம்."

"எனக்குக் கொஞ்சம் பொறாமையாகூட இருக்கு. என் பழைய பொண்டாட்டி என் விஷயத்துல ஒரு நாள் சந்தேகப்பட்டதில்ல. புதுப் புருஷன்கிட்ட என் போட்டோவைக் காட்டி, 'உனக்கு இவனால எந்தத் தொந்தரவும் வராது'ன்னாளாம்."

லார்க்மூர் நாலு மாடிச் செங்கல் கட்டடம். பக்கவாட்டில் ஒரு இரும்புக் கூண்டு. அதற்குள் மெத்தை போன்ற பச்சை உறையைப் போர்த்திக்கொண்டு வால்வு இருந்தது. வாரியம் சீல் வைத்திருந்ததால் கூண்டைத் திறக்க முடியவில்லை. லூதர் மண்டியிட்டு, டார்ச்சை உறையின் இடுக்கில் அடித்துப் பார்த்தான்.

"ஒரு அட்டை தொங்குது பாஸ். டெஸ்ட் பண்ணின தேதி எழுதற அட்டை. போன வருஷத் தேதி."

"இந்த வருஷ அட்டை?"

"இல்ல."

"நீங்க யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

லூதர் எழுந்து திரும்பினான். திரும்பியவன் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, சட்டைக் காலரையும் சரிசெய்துகொண்டான். மைதே அதைக் கவனித்தாள். சிமோன் ஆல்ட்காட் அப்படிக் காலரைச் சரிசெய்ய வைக்கிற பெண்தான். நாற்பதை நெருங்கும் வயது, நீண்ட கழுத்து. ஒரு வாரமாகத் தூங்காத கண்கள்கூட அவளுக்குப் பொருந்தியிருந்தன.

மைதே யாரிடமிருந்து வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல், என்ன விசாரிக்கிறோம் என்பதை மட்டும் சொன்னாள். சிமோன் அவர்களைத் தன் அலுவலக அறைக்குள் கூட்டிப்போனாள்.

"ஒம்பதாம் தேதி முழுக்க நான் இதே நாற்காலியிலதான் இருந்தேன்" என்றாள். "ஆரின் வந்ததே எனக்குத் தெரியாது. ரிப்போர்ட் மெயில்ல வந்ததும், வாரியம் குடுத்த கெடுவுக்கு மூணு வாரம் முன்னாடியே முடிச்சிட்டாரேன்னு நிம்மதியா இருந்துச்சு. கதவைத் தட்டி ஒரு ஹலோகூட சொல்லாம போயிட்டாரேன்னு கொஞ்சம் வருத்தமும் இருந்துச்சு."

"அவ்வளவு பழக்கமா?"

சிமோன் அந்தக் கேள்வியின் உள்ளர்த்தத்தைப் புரிந்துகொண்டாள். கோபப்படவில்லை.

"வருஷத்துக்கு ஒரு நாள் பழக்கம். அந்த வால்வு என்ன பண்ணுதுன்னு இங்க எந்த மேனேஜருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாம இருந்துச்சு. நான் கேட்டேன். அவர் காகிதத்துல படம் போட்டுச் சொல்லிக் குடுத்தார். அதுலருந்து வரும்போதெல்லாம் பேசுவார். வீட்டுல வால்வு பேச்சை எடுத்தா அவர் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்களாம். ஆனா பாதிப் பேச்சு அவங்களைப் பத்திதான். அவங்க போடற மிளகாய் ஊறுகாய், அவங்க திட்டற விதம், எல்லாம். எனக்கு விவாகரத்து ஆகி எட்டு வருஷம். அப்படி ஒரு ஆம்பளை பொண்டாட்டியைப் பத்திப் பேசறதைக் கேட்டா எனக்குப் பொறாமையா இருக்கும். ஒத்துக்கறேன்."

"போன வருஷ ரிப்போர்ட்டும் இந்த வருஷ ரிப்போர்ட்டும் இருக்கா?"

சிமோன் இரண்டையும் பிரதி எடுத்துக் கொடுத்தாள். "இந்த வருஷத்துது அவர் ஆபீஸ் மெயில்ல வந்தது. எப்பவும் அவர் மனைவிதான் டைப் அடிச்சு அனுப்புவாங்க. டெஸ்டுக்குத் தேதி குடுங்கன்னு நான் ஏப்ரல் ஆறாம் தேதி எழுதினேன். தேதி வரல, மூணு நாள்ல ரிப்போர்ட்டே வந்துடுச்சு. பாஸ்னு போட்டு வந்த காகிதத்தை யார் சந்தேகப்படுவாங்க?"

வெளியே வந்ததும் லூதர் கேட்டான். "நம்பறீங்களா? அழகாப் பேசினா பாஸ்."

"நீ அழகைப் பார்த்தே. நான் பேச்சைக் கேட்டேன். அந்த வால்வை டெஸ்ட் பண்ணணும்னா முதல்ல என்ன செய்யணும்?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாங்களா இருக்கும்."

"கட்டடத்துக்குப் போற தண்ணியை மொத்தமா நிறுத்தணும். இருபது நிமிஷம். காலையில பத்து மணிக்குத் தண்ணி நின்னா யார் முதல்ல கத்துவாங்க?"

லூதர் சுற்றிலும் பார்த்தான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்தபடி ஒரு பெண்கள் முடிதிருத்தும் கடை இருந்தது.

கடைக்காரி ட்ரூடிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். குறிப்பேட்டைப் புரட்டி, ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"ஒம்பது மணிக்கு மிசஸ் காலஹன். சிவப்புச் சாயம். பத்து அஞ்சுலருந்து பத்தரை வரைக்கும் அலசினேன். அந்தம்மா தலையில சாயம் இருக்கும்போது தண்ணி நின்னிருந்தா, நான் இப்போ உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன், கோர்ட்டுல நின்னுட்டிருப்பேன். தண்ணி நிக்கல. வருஷா வருஷம் முந்தின நாளே கதவுல நோட்டீஸ் ஒட்டுவாங்க. இந்தத் தடவை நோட்டீஸும் இல்ல."

காரில் ஏறியதும் லூதர் ஸ்டியரிங்கைத் தட்டினான். "அப்போ டெஸ்டே நடக்கல. ஆள் வந்தான், வால்வைத் தொடல, மேனேஜரம்மாவைப் பார்த்துட்டுப் போயிட்டான். நம்ம கிளையண்ட் சொன்னதுதான் சரி."

மைதே இரண்டு காகிதங்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் கட்டத்துல அழுத்தம் எவ்வளவுன்னு போட்டிருக்கு, படி."

"8.2."

"போன வருஷத்துல?"

"8.2." லூதர் எட்டிப் பார்த்தான். "அடுத்தது 3.4. அங்கயும் 3.4. அச்சு அசல் ஒண்ணு. ஒரு வருஷம் வெயில்லயும் பனியிலயும் கிடந்த இரும்பு ஒரு புள்ளிகூட மாறலையா? நான் தினமும் வீட்டுக்குள்ளயேதான் இருக்கேன், என் எடையே மாறுது."

"கடைசிக் கட்டத்தைப் பாரு. டெஸ்ட் பண்ற மீட்டரோட நம்பர். ரெண்டுலயும் 2217. இப்போ அந்த ஸ்கூலுக்கு ஒரு போன் போடு."

ஸ்பார்க்ஸ் பள்ளியின் பராமரிப்பாளர் போனில் நிதானமாகப் பேசினார். லூதர் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஒம்பதாம் தேதியா? ஆமா, ஹெல்ஸ்ட்ராம் வந்தார். ஒம்பதே முக்காலுக்குத் தண்ணியை நிறுத்தினோம். பத்தே காலுக்குத் திறந்தோம். புள்ளைங்க குடிக்கத் தண்ணியில்லன்னு டீச்சருங்க என்னைப் பிச்சுட்டாங்க, அதான் நேரம் ஞாபகம் இருக்கு. அப்புறம் பதினோரு மணி வரைக்கும் இங்கயேதான் இருந்தார். ரிப்போர்ட் நகல் இருக்கு."

"அதுல மீட்டர் நம்பர் என்ன போட்டிருக்கு?" என்றாள் மைதே.

காகிதம் சரசரத்தது. "5904. புது மீட்டர். பழசு ஜனவரியில வண்டியிலருந்து விழுந்து உடைஞ்சு போச்சாம். புதுசைக் கையில எடுத்துக் காட்டினார், பொறந்த குழந்தையைக் காட்டற மாதிரி."

லூதர் போனை மெதுவாக வைத்தான்.

"ஜனவரியில உடைஞ்ச மீட்டரை வெச்சு ஏப்ரல்ல டெஸ்ட் பண்ண முடியாது" என்றான்.

"முடியாது. மீட்டரைக் கையில வெச்சிருக்கறவன் அதுல இருக்கற நம்பரைப் பார்த்து எழுதுவான். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து டைப் அடிக்கறவங்களுக்குத்தான் பழைய நம்பர் வரும்." மைதே காகிதங்களை மடித்தாள். "அவர்கிட்ட இப்போ ஒரு பள்ளிக்கூடமே சாட்சி இருக்கு, தான் லார்க்மூர்ல இல்லைன்னு நிரூபிக்க. அதை ஏன் அவர் வாயே திறந்து சொல்லல?"

லூதர் சாவியைத் திருப்பினான். "வண்டியை எங்க விடணும்?"

"கிளையண்ட் வீட்டுக்கு. மணி ஒண்ணே முக்கால் ஆச்சு. வேகமாப் போ."

லவோன் கதவைத் திறந்தபோது இப்போதும் கோட்டோடுதான் இருந்தாள். காலையிலிருந்து கழற்றவில்லை போலிருந்தது. வரவேற்பறையில் டிவி சத்தமில்லாமல் ஓடியது.

"போனாரா?" என்றாள். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"போகல" என்றாள் மைதே. "ஸ்கூல்லதான் இருந்தார். பதினோரு மணி வரைக்கும். சாட்சி இருக்கு."

லவோனின் தோள்கள் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பத்து வயது குறைந்தது போல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருந்த வரைக்கும் ஜெயிலும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"அவளைப் பார்க்கப் போகல."

"போகல. நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். இப்போ நான் கேக்கறேன். போகாத இடத்துக்குப் போனேன்னு ஒரு மனுஷன் ஏன் சொல்லணும்?"

லவோன் கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டிக்கறதுக்காக யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு காலையில சொன்னீங்க. சொல்வாங்க, மிசஸ் ஹெல்ஸ்ட்ராம். வேற ஒருத்தர் மாட்டிக்கக் கூடாதுன்னா சொல்வாங்க. அந்த ரிப்போர்ட்டை ஆபீசர் நீட்டினதும் அவர் அதுல இருந்த மீட்டர் நம்பரைப் பார்த்திருப்பார். தான் எழுதலைன்னு அவருக்குத் தெரியும். அவரோட கையெழுத்தை அவரை மாதிரியே போடக்கூடிய ஆள் இந்த உலகத்துல ஒரே ஒருத்தர்தான்னும் தெரியும்."

லவோன் சுவரைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். லூதர் டிவியை அணைத்தான்.

"இந்த வருஷம் அவர் அங்க போகக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள். "அவ்வளவுதான். அவ தேதி கேட்டு எழுதியிருந்தா. கடைசியில 'உங்களைப் பார்க்க ஆவலா இருக்கேன்'னு ஒரு வரி. போன வருஷ ரிப்போர்ட்டைப் பார்த்து டைப் அடிச்சு அனுப்பிட்டேன். அவர்கிட்ட, அந்தக் கட்டடத்துல வேற ஆளைப் பிடிச்சிட்டாங்கன்னு சொன்னேன். ஆறு வருஷமா பாஸ் ஆகிட்டிருந்த வால்வு. ஒரு வருஷம் பார்க்கலைன்னா என்ன ஆயிடப் போகுதுன்னு..."

"உள்ள ஒரு ஸ்பிரிங் உடைஞ்சிருந்துச்சு. வாரியத்துல திறந்து பார்த்திருக்காங்க. அவர் போயிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பார்."

"அந்த ரிப்போர்ட் பொய்னு எனக்குத் தெரியும். அப்புறமும் அவர் போனேன்னு சொன்னதும், எனக்குத் தெரியாம நிஜமாவே போயிருக்கார்னுதான் தோணுச்சு." அவள் குரல் உடைந்தது. "அவர் எனக்காகப் பொய் சொல்வார்னு எனக்குத் தோணவே இல்ல. ஒரு நிமிஷம்கூட."

மைதே கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு இருபது."

லவோன் எழுந்தாள். கோட் ஏற்கெனவே போட்டிருந்தபடியால் நேரே கதவுக்கு நடந்தாள்.

நகர அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஆரின் ஹெல்ஸ்ட்ராம் ஒரு நீளமான மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். பெரிய கைகள். அந்தக் கைகளுக்குள் பேனா குச்சி போல இருந்தது. எதிரே விசாரணை அதிகாரி, நரைத்த குட்டை முடிப் பெண். லவோனைப் பார்த்ததும் ஆரின் பாதி எழுந்தான்.

"நீ எதுக்கு வந்தே? வீட்டுக்குப் போ."

"அந்த ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன்" என்றாள் லவோன், அதிகாரியைப் பார்த்து. "கையெழுத்தும் நான்தான் போட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

"இவ சொல்றதை எழுதாதீங்க" என்றான் ஆரின் அவசரமாக. "இவளுக்குப் பொறாமை. நான் அந்தக் கட்டடத்துக்குப் போனேங்கறதையே இவளால தாங்க முடியாது. அதான் இப்படிக் கதை கட்டறா. நான்தான் போனேன். நான்தான் டெஸ்ட் பண்ணினேன்."

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். லூதர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மைதே அவன் ஷூவை மிதித்தாள்.

"எந்த மீட்டர்ல டெஸ்ட் பண்ணினீங்க?" என்றாள் லவோன்.

ஆரின் அவளையே பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் தொழில் கேள்வி அது.

"புதுசுன்னு சொன்னா அந்தக் காகிதம் பொய். பழசுன்னு சொன்னா, அது ஜனவரியில உடைஞ்சு குப்பைக்குப் போயிடுச்சு. நான்தான் வாரி எடுத்துப் போட்டேன். சொல்லுங்க ஆரின். எது?"

அவன் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மைதே பள்ளியின் பெயரையும் பராமரிப்பாளரின் போன் நம்பரையும் எழுதி அதிகாரியின் பக்கம் தள்ளினாள்.

அதிகாரி ஆரினுக்கு முன்னாலிருந்த தாளை எடுத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். அடுத்த அறையைக் காட்டி, "இந்தப் பக்கம் வாங்க மிசஸ் ஹெல்ஸ்ட்ராம்" என்றாள்.

லவோன் கணவனின் தோளை ஒரு முறை தொட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள்தான் விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசலருகே வந்தவள் மைதேயின் பக்கத்தில் நின்றாள்.

"அந்தச் சமையல்காரம்மா?"

"இன்னும் மெஷின்லதான். கண் முழிச்சிருக்காங்களாம்."

லவோன் தலையாட்டினாள். உள்ளே போகவில்லை. அதிகாரி கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"நான் அவளைப் பார்த்ததே இல்ல, தெரியுமா?" என்றாள் லவோன், குரலைத் தாழ்த்தி. "சிமோனை. ஒரு தடவைகூட. எப்படி இருப்பா?"

லூதர் முந்திக்கொண்டான். "சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல மேடம். மூக்கு கொஞ்சம்—"

"அழகா இருக்கா" என்றாள் மைதே.

லவோன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போனாள்.